உலோகத்தை எலும்பு ஏற்பது எங்ஙனம்?

காலில் தைத்த முள்ளை எடுக்காமல் விட்டுவிட்டால் என்ன நேரும் என்பதைக் கிராமத்தில் வாழ்வோர் அனைவரும் அறிவர். சில நாட்களில் அவ்விடம் சிவந்து, சீழ் கட்டி, முள் வெளியே தள்ளப்படும். அவ்வாறு தள்ள இயலாதபோது, முள்ளைச் சுற்றிலும் நார்போன்ற கெட்டியான உறை ஒன்று வளர்ந்துவிடும். முள் அங்கேயே கிடக்கும். ஆயினும் உடலுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தனக்குப் புறம்பான பொருளை உடல் நடத்தும் முறை பெரும்பாலும் இவ்விரண்டினுள் அடங்கிவிடுகிறது.

இடுப்பு மூட்டு தேய்ந்துபோன ஒருவருக்குத் தொடை எலும்பினுள் செலுத்தப்படும் உலோகத் தண்டையும் உடல் இத்தகைய முள்ளாகவே கருதுகிறது. அரிப்பிற்கு உள்ளாகாத நல்ல உலோகத்தைக் கொண்டு, கிருமி கலவாமல் ரணசிகிச்சை செய்தால் சீழ் கட்டுவதில்லை. ஆனால் நாருறை வளர்வதைத் தடுப்பது எளிதன்று. அவ்வுறை தண்டுக்கும் எலும்புக்கும் இடையே மெத்தைபோல் அமைந்துவிட்டால், நோயாளி அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் தண்டு சிறிது அசையும். அசைய அசைய உறை தடிக்கும். உறை தடிக்கத் தடிக்க அசைவு மிகும். நாளடைவில் சுற்றியுள்ள எலும்பு கரையத் தொடங்கி, வலி தோன்றி, இரண்டாம் முறை ரணசிகிச்சை செய்ய வேண்டிய நிலை வந்துவிடுகிறது. அது முதற் சிகிச்சையைக் காட்டிலும் கடினமானது. தண்டைப் பற்றிக்கொள்ள வேண்டிய எலும்பே அதற்குள் குறைந்து போயிருக்கும். எளிய குடும்பத்திற்கு அது மீண்டும் ஒரு கடனும் ஆகும்.

இத்தொல்லைக்கு மாற்றாக, எலும்போடு இரசாயன முறையிற் பிணையக்கூடிய மெல்லிய பூச்சு ஒன்றை உலோகத்தின்மேல் ஏற்றும் வழி கண்டுபிடிக்கப்பட்டது. இதனை உயிர்வினைப் பூச்சு என்பர். உடல் எதிர்கொள்வது உலோகத்தின் உட்பகுதியை அன்று. அதன் மேற்பரப்பை மட்டுமே. ஆகவே மேற்பரப்பை மாற்றிவிட்டால், உள்ளே இருக்கும் உலோகம் எதுவாயினும் எலும்பு அதனை ஏற்கும் என்பது இம்முறையின் அடிப்படைக் கருத்தாகும். கருத்து எளிது. அப்பூச்சை உலோகத்தின்மேல் நிலைத்து நிற்கச் செய்வதோ, அரை நூற்றாண்டாக அறிஞர்களுக்கு வேலை கொடுத்து வந்துள்ளது.

சிமிட்டியும் டைட்டேனியமும்

பிரிட்டனில் லங்காஷயர் பகுதியிலுள்ள ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்ற ரணசிகிச்சை நிபுணர் 1962-ஆம் ஆண்டில் நிறைவு செய்த இடுப்பு மூட்டு, எவர்சில்வர் என மக்கள் வழங்கும் துருப்பிடியாத எஃகினால் ஆன தண்டையும், பாலிஎதிலீன் கிண்ணத்தையும் கொண்டது. தண்டை எலும்பினுள் இருத்துவதற்கு அவர் அக்ரிலிக் வகைப் பிசின் ஒன்றைக் கையாண்டார். இதற்கு எலும்புச் சிமிட்டி என்று பெயர் வழங்கினும், இது பசையன்று. சுவரிலுள்ள துளையில் மரமுளையை வைத்துச் சுற்றிலும் சுண்ணாம்புக் காரையை அடைத்து இறுக்குவதைப் போன்றதே இதன் செயல். முதியோருக்கு இம்முறை இன்றும் சிறந்த பலன் தருகிறது. வயல்வேலையும் சுமைவேலையும் செய்யும் நடுவயதினரிடத்திலோ, சில ஆண்டுகளில் சிமிட்டி விரிசலுற்றுத் தண்டு தளர்வது பலமுறை காணப்பட்டது.

சிமிட்டி இல்லாமலே எலும்பு உலோகத்தோடு பொருந்தக்கூடும் என்பதற்கு முதற் சான்று வேறோர் ஆராய்ச்சியின் நடுவே எதிர்பாராமற் கிடைத்தது. சுவீடன் நாட்டு அறிஞர் பெர்-இங்வார் பிரோனெமார்க், எலும்பு மச்சையில் இரத்தம் ஓடுவதை நேரில் காண்பதற்காக, 1952-ஆம் ஆண்டில் முயலின் கால் எலும்பில் டைட்டேனியத்தால் ஆன சிறு பார்வைக் குழலைப் பொருத்தினார். ஆராய்ச்சி முடிந்ததும் குழலை எடுக்க முயன்றபோது அது வரவில்லை. எலும்பு அதனை நெருங்கி வளர்ந்து பற்றிக்கொண்டிருந்தது. இவ்வுண்மையைக் கொண்டு 1965-ஆம் ஆண்டில் மனிதரின் தாடை எலும்பில் செயற்கைப் பல்லுக்கான டைட்டேனிய வேர்கள் பொருத்தப்பட்டன. டைட்டேனியத்தின்மேல் இயல்பாகவே படியும் மெல்லிய ஆக்சைடுப் படலமே இதற்குக் காரணம். உடல் அதனை வெறுப்பதில்லை. வெறுக்காமை வேறு, விரும்பிப் பிணைதல் வேறு. டைட்டேனியம் முதற்செயலை மட்டுமே செய்கிறது; அதற்கும் மாதக்கணக்கிற் காலம் பிடிக்கிறது. அதற்கிடையில் தண்டு 0.15 மில்லிமீட்டருக்கு மேல் அசைந்துகொண்டிருந்தால், எலும்பிற்குப் பதிலாக நாருறையே வளரும். எலும்பை விரைவாக அழைத்து வரும் பொருள் ஒன்று தேவைப்பட்டது.

எலும்பு என்பது எது?

அப்பொருள் யாது என அறிய, எலும்பின் அமைப்பை அறிந்திருத்தல் வேண்டும். பள்ளி ஆசிரியர்கள் இதனைச் செலவின்றி வகுப்பிற் காட்டலாம். சுத்தம் செய்த கோழிக்கால் எலும்பு இரண்டை எடுத்துக்கொண்டு, ஒன்றைக் காடியில், அதாவது கடையில் விற்கும் வினிகரில், ஊறவைக்க வேண்டும். இரண்டு நாட்களுக்கு ஒருமுறை காடியை மாற்றி வந்தால், ஒரு வாரம் பத்து நாட்களில் அவ்வெலும்பு ரப்பரைப்போல் வளையும். மற்றோர் எலும்பைத் திறந்த வெளியில் கரி நெருப்பில் வெண்மையாகும் வரை சுட்டு ஆறவைத்தால், அது உருவம் மாறாமல் இருக்கும். ஆனால் விரலால் அழுத்தியவுடன் பொடியாகும். காடி கரைத்தது எலும்பின் தாதுப்பொருளை. நெருப்பு எரித்தது கொலாஜன் என்ற நார்ப்புரதத்தை. எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தாதுப்பொருளே. கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த அத்தாது, ஹைட்ராக்சி அபடைட் என்னும் கனிமத்தை ஒத்தது. அதில் சிறிதளவு கார்பனேட்டும் கலந்துள்ளது.

உலோகத்தின்மேல் இத்தகைய அபடைட் படலம் ஒன்று இருந்தால், எலும்பை உண்டாக்கும் உயிரணுக்கள் அதனைத் தமது சொந்தப் பொருளாகவே எண்ணி அதன்மேல் எலும்பைக் கட்டத் தொடங்கும். இதுவே உயிர்வினைப் பூச்சின் இரகசியம்.

பேருந்திற் பிறந்த கண்ணாடி

இவ்விரகசியம் முதலில் வெளிப்பட்டது அபடைட்டில் அன்று, கண்ணாடியில். அமெரிக்காவில் புளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரி ஹென்ச், கடுமையான கதிர்வீச்சைத் தாங்கும் கண்ணாடிப் பொருள்களை ஆராய்ந்து வந்தவர்; மருத்துவத்தோடு அவருக்குத் தொடர்பில்லை. 1967-ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தில் நடந்த மாநாடு ஒன்றிற்குப் பேருந்திற் செல்கையில், வியத்நாம் போர்க்களத்திலிருந்து திரும்பியிருந்த இராணுவ அதிகாரி ஒருவர் அவரருகே அமர்ந்திருந்தார். போரில் காயமுற்றோரின் உடலில் வைக்கும் உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் உடல் ஒதுக்கிவிடுவதால் கைகால்களை வெட்டியெடுக்க நேர்கிறது என்பதைக் கூறி, கதிர்வீச்சைத் தாங்கும் பொருளைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு மனித உடலைத் தாங்கும் பொருளைச் செய்ய இயலாதா என்று அவர் வினவினார்.

ஹென்ச் ஊர் திரும்பியதும் இதனைச் சிந்தித்தார். உடல் ஒதுக்காத பொருள் உடலில் உள்ள தாதுக்களையே கொண்டதாக இருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. இராணுவத்தின் பொருளுதவியோடு 1969-ஆம் ஆண்டில் வேலை தொடங்கிற்று. எடையளவில் 45 பங்கு சிலிக்கா, 24.5 பங்கு சோடியம் ஆக்சைடு, 24.5 பங்கு கால்சியம் ஆக்சைடு, 6 பங்கு பாஸ்பரஸ் பென்டாக்சைடு ஆகியவற்றைக் கலந்து உருக்கிய கண்ணாடியைச் சிறு துண்டுகளாக்கி, கிரீன்லீ என்ற ரணசிகிச்சை நிபுணரிடம் கொடுத்தார். அவர் அவற்றை எலிகளின் தொடை எலும்பில் வைத்தார். ஆறு வாரங்களுக்குப் பின் அவரிடமிருந்து வந்த செய்தி வியப்பிற்குரியது: துண்டுகள் எலும்பை விட்டு வரவில்லை, தள்ளினாலும் இழுத்தாலும் அசையவில்லை. ஒப்பீட்டிற்காக வைத்திருந்த சாதாரணத் துண்டுகளோ எளிதிற் கழன்று வந்தன. இம்முடிவுகள் 1971-ஆம் ஆண்டில் வெளியாயின.

இக்கண்ணாடி எலும்போடு ஒட்டுவது அது சிறிது கரைவதனாலேதான். சன்னற் கண்ணாடியில் சிலிக்கா நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் இருப்பதால், மழையிலும் வெயிலிலும் அது எளிதிற் கரைவதில்லை. ஹென்ச் செய்த கண்ணாடியில் சிலிக்கா குறைவு. அதன் அமைப்பு தளர்ச்சியானது. உடலினுள் வைத்தவுடன் அதன் மேற்பரப்பிலுள்ள சோடியம் அயனிகள் வெளியேறி, உடல் நீரிலுள்ள ஹைட்ரஜன் அயனிகள் அவ்விடத்தில் அமர்கின்றன. எஞ்சிய சிலிக்கா பாகுபோன்ற மெல்லிய படலமாகிறது. அப்படலத்தின்மேல், கண்ணாடியிலிருந்தும் உடல் நீரிலிருந்தும் கால்சியமும் பாஸ்பேட்டும் வந்து படிந்து, கார்பனேட்டையும் சேர்த்துக்கொண்டு அபடைட்டாக உறைகின்றன. கொலாஜன் நார்கள் அதனூடே பின்னிக்கொள்கின்றன. சில மணி நேரத்தில் தொடங்கி நாட்கணக்கில் நடைபெறும் இச்செயலின் முடிவில், எது கண்ணாடி, எது எலும்பு எனப் பிரித்தறிய இயலாத நிலை ஏற்படுகிறது. சிலிக்கா நூற்றுக்கு அறுபது பங்கைத் தாண்டினால் இவ்வினை நிகழ்வதில்லை. அக்கண்ணாடியையும் முள்ளைப்போலவே உடல் உறையிட்டு மூடிவிடும்.

இதே கண்ணாடியின் நுண்பொடி, பற்கூச்சத்தைத் தணிப்பதற்கெனச் சில பற்பசைகளில் இப்போது சேர்க்கப்படுகிறது.

எனாமல் தட்டின் குறை

கண்ணாடி எலும்போடு ஒட்டும் எனத் தெரிந்தது. ஆனால் கண்ணாடித் தண்டின்மேல் மனிதர் நடக்க இயலாது. உலோகத்தின்மேல் கண்ணாடியைப் பூசுவதே அடுத்த முயற்சி. வீட்டில் எனாமல் தட்டைக் கையாண்டோர் இங்கு நேர்ந்த இடரை எளிதில் உணர்வர். கீழே விழுந்த எனாமல் தட்டு செதில் செதிலாகப் பெயர்வது ஏன்? எனாமலும் இரும்பும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பினும், அவற்றின் இயல்பு வேறு. சூட்டினால் விரிவதிலும் குளிர்ச்சியினாற் சுருங்குவதிலும் இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். இல்லையேல் பூச்சு தானாகவே வெடிக்கும். ஹென்ச் கண்டுபிடித்த கண்ணாடி, டைட்டேனியத்தைக் காட்டிலும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரிந்து சுருங்குவது. உருக்கிப் பூசி ஆறவைக்கும்போதே அதில் விரிசல் கண்டது. மேலும், கரையும் இயல்புள்ள பூச்சு உடலினுள் நாளடைவில் மெலிந்து போவதும் இயற்கையே. எலும்பை அழைத்து வரும் குணமும், நிலைத்து நிற்கும் குணமும் ஒன்றுக்கொன்று பகையாக அமைந்துள்ளமை இத்துறையின் தீராத சிக்கலாகும்.

எனவே, மிகமெதுவாகக் கரையும் ஹைட்ராக்சி அபடைட்டையே பூச்சாகக் கொள்ளும் வழக்கம் ஏற்பட்டது. இதனை உலோகத்தின்மேல் ஏற்றும் முறைக்குப் பிளாஸ்மா தெளிப்பு என்று பெயர். ஆர்கன் முதலிய வாயுவை மின்பொறியினூடே செலுத்தினால், அது பதினாயிரம் டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட உஷ்ணமுள்ள சுவாலையாகப் பீறிடும். அச்சுவாலையில் அபடைட் பொடியைத் தூவினால், பொடி ஒரு நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் உருகி, வேகமாகச் சென்று உலோகத்தில் மோதி, அப்பமாகத் தட்டையாகி உறையும். ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் இவ்வடுக்குகளே பூச்சாகும். இதன் தடிமன் பெரும்பாலும் 50 முதல் 150 மைக்ரான் வரை, அதாவது ஒரு தலைமயிரின் பருமனை ஒட்டியே இருக்கும். தடித்தால் வெடிக்கும், மெலிந்தால் எலும்பு வந்து சேர்வதற்குள் கரைந்துவிடும்.

இம்முறையிலும் குறை உண்டு. அத்தகைய உஷ்ணத்தில் அபடைட் தன்னிடமுள்ள நீர்க்கூற்றை இழந்து, வேறு பாஸ்பேட்டுகளாகவும் சுட்ட சுண்ணாம்பாகவும் சிதைகிறது. ஒரு பகுதி படிக உருவை இழந்து கண்ணாடி நிலையை அடைகிறது. இவையனைத்தும் விரைவிற் கரைவன. ஆகவே, பூச்சில் படிக நிலையிலுள்ள பங்கு நூற்றுக்கு 45-க்குக் குறையலாகாது என்றும், பூச்சை உலோகத்திலிருந்து பிரிக்க ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோகிராம் எடைக்குச் சமமான இழுவிசையாவது தேவைப்பட வேண்டும் என்றும் சர்வதேசத் தரநிர்ணயம் விதித்துள்ளது.

நோயாளிகளின் பதிவேடு கூறுவது

ஹைட்ராக்சி அபடைட் பூசிய இடுப்பு மூட்டை முதன்முதலில் 1985-ஆம் ஆண்டில் லண்டனில் ரொனால்ட் ஃபர்லாங் பொருத்தினார். அடுத்த ஆண்டில் நெதர்லாந்திலும் இது தொடங்கிற்று. ஃபர்லாங் அமைத்த தண்டு பல்லாண்டுகள் தளராது நின்றமையால், பூச்சின் புகழ் உலகெங்கும் பரவிற்று. விற்பனைச் சிற்றேடுகளில் பூச்சுள்ள தண்டு மேலானது என்பது ஐயத்திற்கு இடமற்ற செய்தியாகவே எழுதப்படலாயிற்று.

அச்சிற்றேடுகள் கூறாமல் விடும் செய்தி ஒன்று உண்டு. சுவீடன் நாட்டில் இடுப்பு மூட்டு மாற்றப்பட்டோர் பற்றிய தேசியப் பதிவேடு 1979-ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகிறது. எந்த மருத்துவமனையில், எந்த வகைத் தண்டு, எப்போது பொருத்தப்பட்டது, எப்போது மீண்டும் திறக்க நேர்ந்தது என்பன அதில் பதிவாகின்றன. அப்பதிவேட்டை ஆராய்ந்து 2010-ஆம் ஆண்டில் வெளியான கட்டுரை ஒன்றில், அபடைட் பூசிய இடுப்புக் கிண்ணங்கள் பூசாதவற்றைக் காட்டிலும் மிகுதியாக மாற்றப்பட வேண்டியிருந்தமை கூறப்பட்டது. 2015-ஆம் ஆண்டில் டென்மார்க், நார்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளின் பதிவேடுகளைச் சேர்த்து, 1,16,069 இடுப்பு மூட்டுகளை ஆராய்ந்தபோது, சிமிட்டியின்றிப் பொருத்தும் தண்டுகளில் பூச்சினால் ஆயுள் நீடிக்கவில்லை எனக் கண்டனர்.

இதனைக் கொண்டு பூச்சு பயனற்றது என முடிவு கட்டுதல் தவறாகும். பூச்சின் வேலை முதற்சில மாதங்களில் எலும்பை விரைந்து கூட்டி வருவது. அதில் அது தவறுவதில்லை. பத்து இருபது ஆண்டுகளுக்குப் பின் தண்டு நிற்பதும் தளர்வதும், தண்டின் உருவம், மேற்பரப்பின் சொரசொரப்பு, தேய்ந்து உதிரும் பாலிஎதிலீன் துகள்கள், ரணசிகிச்சை நிபுணரின் கைத்திறன் ஆகிய பலவற்றைச் சார்ந்தது. சொரசொரப்பான நல்ல டைட்டேனியத் தண்டு பூச்சில்லாமலே எலும்பைப் பற்றிக்கொள்ளும்போது, பூச்சு செய்யவேண்டிய வேலை குறைந்துவிடுகிறது. எலியின் எலும்பில் ஆறு வாரத்திற் கண்ட உண்மை, மனிதரின் இடுப்பில் இருபது ஆண்டுகளுக்கு எந்த அளவு பயன்படும் என்பதைக் காட்டியது ஆராய்ச்சிக்கூடமன்று. பொறுமையாக எழுதி வைக்கப்பட்ட பதிவேடே.

பெயராத படலம்

பூச்சு பெயர்வதற்கு, அது வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டப்பட்டதே காரணமாயின், உலோகத்தின் மேற்பரப்பையே மாற்றிவிட்டால் என்ன? ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தடாஷி கொகுபோ இவ்வழியிற் சென்றார். டைட்டேனியத்தைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் 60 டிகிரி உஷ்ணத்தில் ஒருநாள் ஊறவைத்து, பின்னர் 600 டிகிரியிற் காய்ச்சினால், அதன் மேற்புறம் சோடியம் டைட்டனேட் ஆகிறது. இப்படலம் ஒரு மைக்ரான் அளவே தடிப்புள்ளது. உள்ளே செல்லச் செல்லப் படிப்படியாக உலோகமாகவே மாறிவிடுவதால், பெயர்வதற்கு இடமில்லை. உடலினுள் சென்றதும், கண்ணாடியைப் போலவே சோடியத்தை வெளியிட்டு, அபடைட்டைத் தன்மேல் வரவழைத்துக்கொள்கிறது. இவ்வாறு பதப்படுத்திய இடுப்பு மூட்டுகள் ஜப்பானில் 2007-ஆம் ஆண்டு முதல் வழக்கத்தில் உள்ளன.

இரத்த நீரிலுள்ள உப்புகளை அதே அளவிற் கொண்ட செயற்கை உடல் நீரைத் தயாரித்து, அதில் ஒரு பொருளை ஊறவைத்து அபடைட் படிகிறதா எனப் பார்க்கும் சோதனையை வகுத்தவரும் கொகுபோவே. எளிய சோதனையாதலின் உலகெங்கும் இது கையாளப்படுகிறது. இதில் தேறிய பொருளெல்லாம் உடலிலும் தேறும் என்பதற்கில்லை.

கிருமிகளைப் பற்றியும் கூற வேண்டும். உடலினுள் வைத்த பொருளின்மேல் முதலிற் குடியேறுவது உடலின் உயிரணுவா, கிருமியா என்பது ஓட்டப்பந்தயம் போன்றது. கிருமி முந்திவிட்டால் வழுவழுப்பான படலத்தால் தன்னை மூடிக்கொள்ளும். மருந்து அதனை எளிதில் எட்டுவதில்லை. இதற்காக வெள்ளி கலந்த பூச்சுகள் செய்யப்பட்டு, எலும்புப் புற்றுநோய்க்காகப் பெரும்பகுதி எலும்பை இழந்தோருக்குப் பயன்படுகின்றன. வெள்ளி மிகுந்தால் உடலின் உயிரணுக்களுக்கும் தீங்காகும்.

நமது நாட்டில் திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞானத் தொழில்நுட்ப நிலையமும், கொல்கத்தாவிலுள்ள மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையமும் அபடைட், உயிர்வினைக் கண்ணாடி ஆகியவற்றில் ஆராய்ச்சி நடத்தி வருகின்றன.

களப்பணியாளர் கவனிக்க வேண்டுவன

மூட்டு மாற்றப்பட்டவர் ஊர் திரும்பி வலியின்றி நடக்கத் தொடங்கியதும், மருத்துவமனைக்குச் செல்வதை நிறுத்திவிடுவது வழக்கம். தண்டு தளர்வதோ பல ஆண்டுகளுக்குப் பின்னரே தெரிய வருவது. உட்கார்ந்திருந்து எழுந்து முதற்சில அடிகள் வைக்கும்போது தொடையிலோ இடுப்பின் மடிப்பிலோ வலி கண்டு, நடக்க நடக்க அது குறைவது தளர்ச்சியின் அறிகுறியாக இருத்தல் கூடும். இதனை வயதின் கோளாறு என்று விட்டுவிடாமல், எக்ஸ்-ரே படம் எடுக்க அனுப்புதல் வேண்டும். காயத்தழும்பில் நீர் கசிதல், காய்ச்சல், மூட்டில் வீக்கம் ஆகியவை காணப்பட்டால் தாமதமின்றி ரணசிகிச்சை செய்த மருத்துவமனைக்கே அனுப்ப வேண்டும். அதற்கு முன்னர் மருந்துக் கடையிற் கிருமிக்கொல்லி மாத்திரை வாங்கி உண்பது நல்லதன்று. பின்னர் மூட்டிலிருந்து நீர் எடுத்துச் சோதிக்கும்போது கிருமி இன்னதென்று புலப்படாமற் போய்விடும்.

பூச்சுள்ள தண்டுக்கு மிகுதியாகப் பணம் கேட்கப்படுகிறது, கடன் வாங்கியேனும் அதனையே வைக்க வேண்டுமா எனக் குடும்பத்தார் வினவினால், வயது முதிர்ந்தவருக்குச் சிமிட்டி முறையும் நன்கு சோதிக்கப்பட்டதே என்பதை எடுத்துரைத்து, இந்நோயாளிக்கு அது ஏற்குமா என்பதை மருத்துவரிடமே கேட்குமாறு கூறலாம்.

பொருத்தப்படும் ஒவ்வோர் உறுப்பின் பெட்டியிலும் அதன் வகை, அளவு, தயாரிப்புத் தொகுதி எண் ஆகியவை அச்சிட்ட ஒட்டுச்சீட்டுகள் இருக்கும். ரணசிகிச்சைக்குப் பின் அவை நோயாளியின் மருத்துவக் குறிப்பில் ஒட்டப்படுகின்றன. அக்குறிப்பு வீடு மாறும்போதும் வெள்ளத்திலும் கறையானிலும் அழிந்து போவதுண்டு. பதினைந்து ஆண்டுகள் கழித்து வரும் நோயாளியின் உடலினுள் இருப்பது எந்தத் தண்டு, பூச்சுள்ளதா அற்றதா என்பதை எக்ஸ்-ரே படம் முழுமையாகக் காட்டாது. அதனைப் பிரித்தெடுக்கத் தேவையான கருவியை முன்கூட்டி வரவழைக்கவும் அவ்வெண் வேண்டும். ஆதலின், வீடு தோறும் செல்லும் பணியாளர் அக்குறிப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்து, வகையையும் எண்ணையும் தேதியையும் தமது குடும்பப் பதிவேட்டிலும் ஒரு வரியில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.